விருப்பப் பாடமும் வேலைவாய்ப்பும்

(வெள்ளி விழா மாணவர் அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வெள்ளி விழா என்றால் கடந்து வந்த பாதையைப் பற்றிப் பேசுவதே மரபு. அப்பொருள் பற்றி நம் முன்னோடிகள் காலை அரங்கில் விரிவாகவே கூறிவிட்டனர். நமக்கு ஒதுக்கப்பட்ட பொருள் சிறியது; கேட்பதற்குச் சற்று வறண்டதும்கூட. பொறியியல் கல்லூரியில் பயிலும் மாணவர் தம் விருப்பப் பாடங்களை எவ்வாறு தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதே அது. இதற்கு ஒரு விழா மேடை வேண்டுமா என்று எவரேனும் நினைக்கலாம். வேண்டும் என்பதே நம் துணிபு. அதற்குரிய காரணத்தை முதலில் கூறிவிடுகிறோம்.

இக்கழகம் தோன்றிய நாளில் நம் தெருக்களின் கவலை, பிள்ளை பத்தாம் வகுப்பைத் தாண்டுமா என்பதாக இருந்தது. இன்று நுழைவாயில்கள் பல திறந்துள்ளன. தாழ்த்தப்பட்ட மாணவர்க்கான மேல்படிப்பு உதவித்தொகை 1944 முதல் இந்நாட்டில் வழங்கப்பட்டு வருகிறது. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குத் தொழிற்கல்விக் கட்டணச் சலுகையைத் தமிழக அரசு 2010 இல் கொண்டு வந்தது. அரசுப் பள்ளி மாணவர்க்குப் பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு இடஒதுக்கீடு 2021 இல் சட்டமாயிற்று. திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரிகளே இருக்கின்றன. ஆகவே உள்ளே செல்லும் வழி முன்போல் அடைபட்டிருக்கவில்லை. வெளியே வரும் வழிதான் இன்னும் குறுகலாக இருக்கிறது. நான்கு ஆண்டுகள் படித்துப் பட்டம் பெற்ற பிள்ளை, கிழக்குக் கடற்கரைச் சாலையில் உணவுப் பொட்டலம் கொண்டு செல்வதையும், விடுதி வாயிலில் காவலுக்கு நிற்பதையும், மாசி மாதம் வந்தால் மீண்டும் பாத்தியில் இறங்குவதையும் நாம் காண்கிறோம். உழைப்பு எதுவும் இழிவன்று. ஆனால் அந்தப் பட்டத்திற்காக ஒரு குடும்பம் பட்ட கடன் அந்த உழைப்பினால் தீராது.

பட்டம் ஏன் வேலையாக மாறுவதில்லை என்பதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் பெரும்பாலானவை மாணவன் கையில் இல்லை. தரமற்ற கல்லூரி, ஆசிரியர் பற்றாக்குறை, சந்தையின் ஏற்ற இறக்கம், சாதி ஆகியவற்றை ஒரு மாணவன் தனித்து நின்று மாற்றிவிட முடியாது. அவன் கையில், அவள் கையில் உள்ளவை மிகச் சில. அவற்றுள் ஒன்று விருப்பப் பாடம்.

அஃது யாது என்பதைப் பெற்றோர்க்காகச் சுருக்கமாகச் சொல்கிறோம். பொறியியல் படிப்பில் பெரும்பாலான பாடங்கள் பல்கலைக்கழகம் விதித்தவை, படித்தே ஆகவேண்டும். ஐந்தாம் பருவம் அளவில், பட்டியல் ஒன்றைத் தந்து, இவற்றுள் உமக்கு வேண்டியதைத் தேர்ந்துகொள்க என்று கல்லூரி கேட்கிறது. தம் துறைக்குள்ளேயே தேர்ந்துகொள்வது தொழில்முறை விருப்பப் பாடம். பிற துறையிலிருந்து தேர்ந்துகொள்வது திறந்தநிலை விருப்பப் பாடம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஆம் ஆண்டு ஒழுங்குமுறையில் தொழில்முறைப் பாடங்களை வெர்ட்டிகல் எனப்படும் கிளைகளாகப் பகுத்து வைத்தனர். ஒரே கிளையில் கூடுதலாக 18 கிரெடிட் பெற்று, வேறு தகுதிகளும் நிறைந்திருந்தால், பட்டத்தோடு ஆனர்ஸ் என்ற சிறப்பும் கிடைக்கும். வேறு துறையில் அவ்வாறு பெற்றால் மைனர் பட்டம். 2025 இல் சேர்ந்தவர்களுக்குப் புதிய ஒழுங்குமுறை வந்துவிட்டது. தன்னாட்சிக் கல்லூரிகளுக்கு அவரவர் விதி வேறு. ஆதலின், எந்த ஒழுங்குமுறையின் கீழ் நீங்கள் பயில்கிறீர்கள் என்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள். மூன்றாம் ஆண்டு மாணவரிடம் இதைக் கேட்டால் பலர் விழிக்கின்றனர்.

நான்கு ஆண்டுகளில் கல்லூரி உங்களை நோக்கி 'உமக்கு என்ன வேண்டும்?' என்று கேட்கும் தருணங்கள் இவை மட்டுமே. அந்தக் கேள்விக்கு நம் பிள்ளைகள் எவ்வாறு விடை சொல்கின்றனர்? கைப்பேசியில் வரும் படிவத்தில், கடைசி நாள் இரவில், நண்பன் எதைத் தொட்டானோ அதையே தொட்டு விடை சொல்கின்றனர். ஒருசிலர், எந்தப் பாடத்தில் தேர்ச்சி எளிது என்று மூத்த மாணவரிடம் கேட்டுத் தேர்கின்றனர். வேறு சிலர் பெயரைப் பார்த்து மயங்குகின்றனர். செயற்கை நுண்ணறிவு, பிளாக்செயின் என்று பெயரில் புதுமை இருந்தால் போதும். அந்தப் பாடத்தை நடத்த ஆசிரியர் உண்டா, ஆய்வகம் உண்டா என்பது கேட்கப்படுவதில்லை.

பொறியாளர் குடும்பத்துப் பிள்ளைக்கும் இதே குழப்பம் உண்டு. ஆனால் அவனுக்கு ஒரு சித்தப்பா இருக்கிறார். ஒரகடத்திலோ பெங்களூரிலோ பணியாற்றும் மாமா இருக்கிறார். 'அதை எடுக்காதே, இதை எடு. எங்கள் நிறுவனத்தில் இதைத்தான் கேட்கிறார்கள்' என்று ஒரு தொலைபேசி அழைப்பில் அவர் சொல்லிவிடுகிறார். அந்த ஓர் அழைப்பின் விலை என்ன என்பதை நம்மைப் போல் அது இல்லாதவர்களே அறிவர். நம் தாய்மார்கள் பிள்ளைக்காக எதையும் செய்வர். ஆனால் 'பவர் எலக்ட்ரானிக்ஸ் எடு' என்று சொல்ல அவர்களால் இயலாது.

இன்னொரு வேறுபாடும் உண்டு. சுகதேவ் தோரட், பால் அட்டவெல் என்னும் இரு அறிஞர்கள் நாளிதழ் வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்களை அனுப்பி ஓர் ஆய்வு நடத்தி, 2007 இல் வெளியிட்டனர். கல்வியும் அனுபவமும் ஒன்றே. பெயர் மட்டும் வேறு. தலித் பெயர் கொண்ட விண்ணப்பம் அடுத்த கட்டத்திற்கு அழைக்கப்படும் வாய்ப்பு விகிதம், உயர்சாதி இந்துப் பெயர் கொண்ட விண்ணப்பத்தினதைப் போல் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் என்று கண்டனர். அதே ஆண்டில் சுரிந்தர் ஜோத்கா, கேத்தரின் நியூமன் ஆகியோர் தில்லியில் 25 மனிதவள மேலாளர்களைச் சந்தித்து எழுதிய கட்டுரையில், தகுதியே எமக்கு முக்கியம் என்று சொல்லும் அதே மேலாளர்கள், நேர்முகத் தேர்வில் குடும்பப் பின்னணியைத் தவறாமல் கேட்பதைப் பதிவு செய்தனர். தமிழ்நாட்டில் பெயரின் பின்னே சாதி இல்லை. ஆனால் முகவரியில் 'காலனி' இருந்தது. அச்சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தது 2025 ஏப்ரலில்தான். தனியார் துறையில் இடஒதுக்கீடு இல்லை என்பதையும் இதனோடு சேர்த்து எண்ணிப் பாருங்கள். பிறர்க்குப் பட்டம் ஒன்றே போதுமானதாக இருக்கலாம். நம்மவர் தாளில் பட்டத்திற்கு மேல் ஒன்று இருந்தாக வேண்டும். கேள்வி கேட்பவரைக் குடும்பத்திலிருந்து திருப்பித் தொழிலின் பக்கம் இழுக்கத்தக்க ஒன்று வேண்டும். விருப்பப் பாடத்தை அதற்காகப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்பதே நாம் இன்று சொல்ல வந்தது.

பாடத்தின் பெயர் வேலை வாங்கித் தராது என்பதை உடனே சொல்லிவிட வேண்டும். மதிப்பெண் சான்றில் உள்ள விருப்பப் பாடத்தின் பெயரை மட்டும் பார்த்து எந்த நிறுவனமும் ஆளை எடுப்பதில்லை. அந்தப் பாடத்தைக் கொண்டு நீ என்ன செய்தாய் என்பதே கேள்வி. ஆகவே தேர்ந்தெடுக்கும் ஒவ்வொரு பாடத்திற்கும் எதிரே ஒரு செயல் இருக்க வேண்டும். ஒரு சிறு கருவியோ, ஒரு கணக்கீடோ, ஒரு கள ஆய்வோ, ஒரு நிரலோ. அவ்வாறு எதையும் செய்து காட்ட வழியில்லாத பாடத்தை, பெயர் எவ்வளவு ஒளி வீசினாலும், ஒதுக்கிவிடலாம்.

அடுத்தது, பாடங்கள் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். இதற்கு எடுத்துக்காட்டாக அண்ணல் அம்பேத்கர் அவர்களின் மாணவப் பருவத்தையே கூறலாம். 1913 முதல் 1916 வரை கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்ற காலத்தில் அவர் எடுத்த பாடங்களை ஆய்வாளர்கள் எண்ணி வைத்துள்ளனர். பொருளியலில் 29, வரலாற்றில் 11, சமூகவியலில் 6, மெய்யியலில் 5, மானிடவியலில் 4, அரசியலில் 3. பிரெஞ்சும் ஜெர்மனும் ஒவ்வொன்று. இந்தக் கணக்கை உற்று நோக்குங்கள். கிளைகள் பல, ஆனால் தண்டு ஒன்று. பொருளியல் என்னும் அந்தத் தண்டிலிருந்துதான் 1923 இல் ரூபாய்ச் சிக்கல் பற்றிய நூலும், 1925 இல் மாகாண நிதி பற்றிய நூலும் வந்தன. பிற பாடங்கள் அத்தண்டுக்கு உரமாயின. ஆறு விருப்பப் பாடங்களை ஆறு திசையில் எடுக்கும் மாணவன், ஆறையும் தேர்ச்சி பெற்ற பின்னும் எதையும் அறிந்தவன் ஆகமாட்டான்.

அண்ணலைப் பற்றி இன்னொரு செய்தி. இஃது நம் பொருளுக்கு மிக நெருக்கமானது. ஆனால் நம் மேடைகளில் அதிகம் பேசப்படாதது. 1942 இல் அரசப் பிரதிநிதியின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது, தாழ்த்தப்பட்டோர் குறைகளைப் பற்றி அவர் அரசுக்கு ஒரு குறிப்பாணை அளித்தார். அதில் கல்வி பற்றிப் பேசுகையில், கலைப் படிப்பும் சட்டப் படிப்பும் நம் மக்களைப் பெரிதும் உயர்த்திவிடா. உயர்தர அறிவியல், தொழில்நுட்பக் கல்வியே உதவும். அதன் செலவை நம் மக்கள் தாங்க மாட்டாராதலின் அரசே ஏற்க வேண்டும் என்ற கருத்தை வலியுறுத்தினார். கலையும் சட்டமும் கற்று உயர்ந்த ஒருவரே இதைச் சொன்னார் என்பதை நினைவில் கொள்ளுங்கள். தம் பெருமையை அளவுகோலாக வைக்காமல், தம் மக்களின் தேவையை அளவுகோலாக வைத்தார். எந்தப் பாடம் படிப்பது என்பதே ஒரு சமூகக் கேள்வி என்பதை அவர் நமக்குக் காட்டியிருக்கிறார்.

இனி நம் மண்ணுக்கு வருவோம்.

உப்பளத்துப் பிள்ளை என்று சொல்லிக்கொள்ள நம் மாணவர்களுக்குக் கூச்சம் இருக்கிறது. நேர்முகத் தேர்வில் 'அப்பா என்ன செய்கிறார்?' என்று கேட்டால் 'விவசாயம்' என்றோ 'சொந்தத் தொழில்' என்றோ சொல்லித் தப்புகின்றனர். அந்தக் கேள்வி எதற்காகக் கேட்கப்படுகிறது என்பது நமக்குத் தெரியும். ஆகவே அவர்களை நாம் குறை கூறமாட்டோம். ஆனால் இந்த உப்பளத்தைப் பொறியியல் கண் கொண்டு பார்த்ததுண்டா?

கழிமுகத்து உவர்நீரைத் தேக்கப் பாத்தியில் ஏற்றுகிறோம். கடல்நீர் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பைக் கொண்டது. போமே மானியில் 3 டிகிரி அளவு காட்டும். வெயிலும் காற்றும் நீரைச் சுண்டச் செய்யச் செய்ய அடர்த்தி ஏறுகிறது. 13 டிகிரிக்கு மேல் ஜிப்சம் படியத் தொடங்குகிறது. ஆகவே அந்நீரை அதற்கெனத் தனிப் பாத்தியில் நிறுத்துகிறோம். 25 டிகிரியை எட்டும்போது உப்புப் பாத்திக்கு விடுகிறோம். அங்கே சாதாரண உப்பு பளிங்காகப் படிகிறது. 29, 30 டிகிரி வந்தால் எஞ்சிய கசப்பு நீரை வெளியேற்றிவிட வேண்டும். இல்லையெனில் மக்னீசிய உப்புகள் கலந்து சரக்கு கெடும். அந்தக் கசப்பு நீரில் மக்னீசியமும் பொட்டாசியமும் புரோமினும் உண்டு. ஆவியாதல், அடர்த்திக் கட்டுப்பாடு, பகுதி பகுதியாகப் படிய வைத்தல், கழிவு மேலாண்மை என வேதிப் பொறியியல் பாடநூலில் தனித்தனி அதிகாரங்களாக உள்ளவை இங்கே ஒரே வரிசையில் நிகழ்கின்றன. நீரின் நிறத்தையும் பாத்தியின் பளபளப்பையும் பார்த்தே 'இன்னும் ஆகவில்லை' என்று சொல்லும் கண் நம் மூத்தோர்க்கு உண்டு. இந்தத் தொழிலை மட்டுமே ஆராய்வதற்கு இந்திய அரசு 1954 இல் குஜராத்தின் பாவ்நகரில் ஒரு தேசிய ஆய்வு நிறுவனத்தையே அமைத்தது.

வேதிப் பொறியியல் பயிலும் நம் மாணவி ஒருத்தி, சவ்வுப் பிரிப்பு முறையும் செயல்முறைக் கட்டுப்பாடும் விருப்பப் பாடங்களாக எடுக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். இறுதியாண்டுத் திட்டப் பணியாக, நம் பாத்திகளில் வாரம் ஒருமுறை அடர்த்தி, வெப்பநிலை, காற்றின் வேகம் ஆகியவற்றை அளந்து ஒரு பருவகால அட்டவணை தயாரிக்கிறாள். இனி, 'அப்பா என்ன செய்கிறார்?' என்ற கேள்வி வரட்டும். 'உப்பளத் தொழிலாளி, அவர் கண்ணால் அறிவதை நான் அளந்து பார்த்தேன், இதோ' என்று தாளை நீட்டலாம். கேள்வி கேட்டவர் எண்ணி வந்த திசை வேறு. இனிப் பேச வேண்டிய பொருள் வேறு. இதனால் அவர் மனத்துச் சாதி அகன்றுவிடும் என்று நாம் சொல்லவில்லை. அடுத்த கேள்வி பொறியியலாக இருக்கும். நமக்கு அது போதும்.

உப்பளத்திலேயே இருங்கள் என்பது இதன் பொருளன்று. இதே கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே நெம்மேலியில், கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2013 இல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறனுடன் தொடங்கியது. 15 கோடி லிட்டர் திறனுள்ள இரண்டாம் நிலையம் 2024 இல் திறக்கப்பட்டது. அருகே பேரூரில் 40 கோடி லிட்டர் திறனுள்ள நிலையத்திற்கு 2023 இல் அடிக்கல் நாட்டப்பட்டது. நாம் கடல்நீரிலிருந்து உப்பை எடுக்கிறோம். அவர்கள் நீரை எடுக்கின்றனர். அங்கும் எஞ்சுவது அடர்ந்த உவர்நீரே. உயரழுத்தப் பம்பு, சவ்வு, அரிமானம், தானியங்கிக் கட்டுப்பாடு, மின்செலவு என்று இயந்திரவியலார்க்கும் மின்னியலார்க்கும் கருவியியலார்க்கும் அங்கே வேலை இருக்கிறது. உவர்நீரோடு பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள் அந்த வாயிலில் நிற்காமல் வேறு யார் நிற்பது?

கட்டடப் பொறியியல் மாணவர்க்கும் இக்கடற்கரை ஒரு திறந்த பாடநூலே. கழுவெளி ஏரி, பக்கிங்காம் கால்வாயின் தென்முனை, எடையன்திட்டுக் கழிமுகம், மாமல்லபுரம் முதல் புதுச்சேரி வரை நான்குவழியாக விரியும் சாலை ஆகிய எல்லாம் நம் கண்முன் உள்ளன. ஒழுங்குமுறையில் கட்டமைப்பு, மண்ணியல், நீர்வளம், சுற்றுச்சூழல், போக்குவரத்து, கடல்சார் பொறியியல் என்று கிளைகள் உண்டு. பெரும்பாலோர் கட்டமைப்பையே எடுக்கின்றனர். நீர்வளத்தையும் சுற்றுச்சூழலையும் தண்டாகக் கொள்ளலாம் என்பது நம் கருத்து. குடிநீர் வாரியம், நீர்வளத்துறை, ஊரக வளர்ச்சித் துறை, உள்ளாட்சி ஆகியவற்றின் பொறியாளர் பணிகளுக்கு இவையே அடிப்படை. உவர் மண்ணில் கம்பி எவ்வாறு துருப்பிடிக்கிறது, கான்கிரீட் எவ்வாறு வெடிக்கிறது என்பதை நம் தொகுப்பு வீடுகளின் கூரையே காட்டுகிறது. அதை ஆராய்ந்து ஒரு திட்டப் பணி செய்தால் நம் தெருவுக்கும் பயன்.

மின்னியல் மாணவர்க்கு மின் பொறியியல், கன்வெர்ட்டர்களும் இயக்கிகளும், உட்பொதி அமைப்புகள், மின்வாகனம் எனக் கிளைகள் உள்ளன. பவர் எலக்ட்ரானிக்ஸ் அறிவு இவை அனைத்திற்கும் பொது. சூரிய மின்சக்திக்கும் காற்றாலைக்கும் அதுவே உயிர். அதை ஊன்றிக் கற்றவர் எந்தக் கதவையும் தட்டலாம். இயந்திரவியலில் வரைபடம் படிக்கத் தெரியாதவனுக்கு ரோபோ பாடத்தால் பயனில்லை. இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

கணினித் துறையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. நம் பிள்ளைகளுள் பெரும்பாலோர் இன்று அங்கேதான் சேர்கின்றனர். பெரிய மென்பொருள் நிறுவனங்கள் ஆயிரக்கணக்கில் புதியவரை எடுத்துப் பயிற்சி அளித்த காலம் 2022க்குப் பின் தளர்ந்துவிட்டது. எளிய நிரல்களைக் கணினியே எழுதும் நிலையும் வந்துவிட்டது. ஆகவே இயக்க அமைப்பு, தரவுத்தளம், வலையமைப்பு ஆகிய அடிப்படைகள் உறுதியாக இருப்பவர்க்கே புதுப்பெயர்ப் பாடங்கள் பயன் தரும். அடித்தளம் இன்றிச் செயற்கை நுண்ணறிவு எடுப்பது, வரப்புக் கட்டாத பாத்தியில் நீர் பாய்ச்சுவது போன்றது.

அரசுப் பணியையும் பொதுத்துறையையும் நாம் கைவிடலாகாது. அங்கே இடஒதுக்கீடு சட்டப்படி உள்ளது. மத்தியில் பட்டியல் சாதியினர்க்கு 15 விழுக்காடு, மாநிலத்தில் அருந்ததியர் உள்ஒதுக்கீடு உட்பட 18 விழுக்காடு. பொதுத்துறை நிறுவனங்கள் பல கேட் தேர்வு மதிப்பெண்ணைக் கொண்டே பொறியாளரை எடுக்கின்றன. மூன்றாம் ஆண்டிலேயே அத்தேர்வை எழுதலாம். பட்டியல் சாதி மாணவர்க்கும் பெண்களுக்கும் கட்டணம் பாதி. தேர்ச்சி பெற்று எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. இதற்கும் விருப்பப் பாடத்திற்கும் தொடர்பு என்ன? கேட் பாடத்திட்டத்தை ஒரு கையிலும் விருப்பப் பாடப் பட்டியலை மறு கையிலும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் வருவதை முதலில் குறியுங்கள். ஒரே உழைப்பில் இரு அறுவடை. பயிற்சி நிலையத்திற்குப் பணம் கட்ட இயலாத நமக்கு இதைவிடச் சிக்கனமான வழி இல்லை. தமிழ்வழி பயின்றோர்க்கு ஒரு சொல்: மாநிலத் தேர்வாணையத் தேர்வுகளில் இன்று தமிழ்த் தகுதித்தாள் கட்டாயம், அங்கே நீங்கள் பின்தங்கியவர் அல்லர்.

திறந்தநிலை விருப்பப் பாடத்தைப் பலர் ஓய்வு நேரமாகக் கருதுகின்றனர். நம் பார்வையில் அதுவே அண்ணல் எடுத்த பிரெஞ்சு, ஜெர்மன் போன்றது. தண்டுக்கு உதவும் பக்கக்கிளை. கட்டடவியலார் புவித் தகவலியலையும், இயந்திரவியலார் உணரிகளையும், வேதியியலார் புள்ளியியலையும் எடுக்கலாம். ஆனர்ஸ், மைனர் ஆகியவற்றில் மட்டும் நிதானம் தேவை. கூடுதல் 18 கிரெடிட் என்பது ஆறு பாடம் அளவு சுமை. விடுமுறையில் கூலிக்குச் சென்று கட்டணம் சேர்க்கும் பிள்ளை அதையும் தூக்கி, அரியரும் வைத்து, தொழிற்சாலைப் பயிற்சியையும் இழந்தால் இழப்பே மிகுதி. அரியர் இல்லாத பட்டமும், ஒரு மாதப் பயிற்சியும், செய்து முடித்த ஒரு திட்டப் பணியும் ஆனர்ஸைவிட நம்மவர்க்கு மேல் என்போம். இக்கருத்தில் நம் கழகத்திலேயே மாறுபடுவோர் உளர். அவர்களோடும் பேசிப் பாருங்கள்.

'இவ்வளவும் சரி, எங்கள் கல்லூரியில் துறைத்தலைவர் ஒரே பாடத்தை எழுதிப் போட்டு, இதுதான் உங்கள் விருப்பம் என்கிறார்' என்று மாணவர் சிலர் முணுமுணுப்பது காதில் விழுகிறது. உண்மைதான். ஆசிரியர் இல்லை என்பதாலோ, போதிய மாணவர் பதியவில்லை என்பதாலோ பல கல்லூரிகளில் இவ்வாறு நடக்கிறது. இதற்கு இரு வழிகள் உள. ஒன்று, பதிவுக்கு ஒரு மாதம் முன்பே ஒத்த கருத்துள்ள மாணவர் சேர்ந்து, இப்பாடம் வேண்டும் என்று கையொப்பமிட்டு மனு அளிப்பது. நம் தெருப் பிள்ளைகள் மட்டும் கேட்டால் ஒதுக்கப்படலாம். எல்லாத் தெருப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள், பாடம் எல்லார்க்கும் பொதுவன்றோ. மற்றொன்று, ஐ.ஐ.டி.க்களும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003 இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். பாடங்கள். கற்பதற்குக் கட்டணம் இல்லை. தேர்வுக்கு மட்டுமே உண்டு. வார ஒப்படைப்புகளுக்கு 25, நேரில் எழுதும் தேர்வுக்கு 75 என மதிப்பெண் கணக்கிடப்படும். துறையின் முன் அனுமதி பெற்றால், ஒழுங்குமுறை வகுத்த எண்ணிக்கை வரை, இவற்றை விருப்பப் பாடத்திற்கு ஈடாக ஏற்பர். அனுமதியை எழுத்தில் பெறுக. வாய்மொழி அனுமதியை நம்பித் தேர்வெழுதியபின் 'ஏற்க இயலாது' என்று கேட்டுத் திரும்புவது வேண்டா. 2022 மார்ச்சில் அரசு தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் பயிற்சிகளும் கல்லூரிகளில் பாடத்திட்டத்தோடு இணைந்து வருகின்றன. அவற்றையும் உங்கள் தண்டோடு பொருந்துமாறு தேர்ந்துகொள்ளுங்கள். சான்றிதழ் எண்ணிக்கைக்காக வேண்டா.

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். பெண் பிள்ளைகளிடம், 'களத்தில் நிற்கும் வேலை வேண்டாம், உட்கார்ந்து பார்க்கும் வேலைக்குரிய பாடத்தை எடு' என்று சில வீடுகளில் சொல்லப்படுகிறது. கொளுத்தும் வெயிலில் தலையில் உப்புக் கூடை சுமந்தவர்கள் இவ்வூர்ப் பெண்கள். அவர்கள் மகள் தலைக்கவசம் அணிந்து நீரேற்று நிலையத்தில் நிற்பதற்கு அஞ்ச வேண்டியதில்லை.

இறுதியாகக் கழகத்தின் கடமை. பிறர் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு மாமா செய்வதை நம் பிள்ளைக்குக் கழகம் செய்ய வேண்டும். நம் தெருக்களிலிருந்து படித்து வெளியூரிலும் வெளிநாட்டிலும் பணியாற்றுவோர் எத்தனை பேர், எந்தத் துறையில், எந்தப் பணியில் என்று ஒரு பதிவேடு இந்த வெள்ளி விழா ஆண்டுக்குள் எழுதப்பட வேண்டும். ஒவ்வொருவரிடமும் இரு கேள்விகள் மட்டும் கேட்போம். நீர் படித்த பாடங்களுள் இன்று பணியில் பயன்படுவது எது? படித்திருக்க வேண்டும் என்று இன்று எண்ணுவது எது? இவ்விரு விடைகளும் நூறு பேரிடமிருந்து கிடைத்தால், எந்தக் கல்லூரியின் வழிகாட்டி நூலையும்விட நமக்கு அது பெரிது. மலர்க்குழுவினர் இதற்கு இசைந்துள்ளனர்.

வரும் பருவத்தின் விருப்பப் பாடப் பதிவுக்கு முந்தைய இரு ஞாயிற்றுக்கிழமைகளிலும், மாலை நான்கு மணி முதல் கழகக் கூடத்தில் மூத்த மாணவர்களும் பணியில் உள்ளவர்களும் அமர்ந்திருப்பர். மூன்றாம் ஆண்டு செல்வோர் தம் கல்லூரியின் பாடத்திட்ட நகல், இதுவரையிலான மதிப்பெண் பட்டியல், இவ்வாண்டுக்குரிய விருப்பப் பாடப் பட்டியல் ஆகிய மூன்றையும் கொண்டு வருக. பட்டியலில் ஒரே பாடம்தான் இருந்தால், அந்தப் பட்டியலையே கொண்டு வருக. மனுவை அங்கேயே எழுதிவிடலாம். பெற்றோரும் உடன் வரலாம்.